மச்சி கேட்ட இடம்

என் அண்ணன் மனைவியிடம் யாரும் பேச்சுக்காக எதையும் சொல்லிவிட முடியாது. சொன்னதை நிஜமென்றே எடுத்துக்கொள்வார். அது எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அதுவரை விடாமல் கூடவே வருவார். "அப்ப?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே எங்கள் வீட்டில் பலரும் யோசித்து வாய் திறந்தார்கள்.

நான் அவரை மச்சி என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன் மனைவிக்கு அதுதான் முறை. வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், சொந்தமாகக் கொஞ்சம் நஞ்சையும் குத்தகைக்குக் கொஞ்சமும் வைத்து உழுதவர். வாய்க்காலில் யார் முறை, எந்த மடையை எப்போது திறப்பது என்ற வழக்குகளைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததால்தான் இந்தப் பேச்சு வந்தது என்று என் அம்மா அலுத்துக்கொள்வார். அந்த நஞ்சையை விற்றுத்தான் மாப்பிள்ளைக்குக் கைக்கூலி என்ற வரதட்சணையைக் கொடுத்தார்கள். அந்தக் கைக்கூலியில்தான் அண்ணன் சவூதிக்கு விசா எடுத்தான். கல்யாணமான அடுத்த சம்பா அறுவடைக்கு அவன் இங்கே இல்லை.

எங்கள் ஊர் குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. முன்பு ஆண்கள் கப்பலேறி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். திரும்பி வரும்போது பிஸ்கட் டின்னும் கைலியும் கொண்டுவந்தார்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் அவற்றோடு கருத்துகளையும் கொண்டுவந்தார்கள். அண்ணன் முதல் விடுமுறையில் வந்தபோது பெட்டியில் ஒரு பெரிய டேப் ரெக்கார்டரும் பை நிறையக் கேஸட்டுகளும் இருந்தன. பாட்டாக இருக்கும் என்று நான் ஓடினேன். எல்லாம் பயான், மார்க்கப் பிரசங்கம். ரியாத்தில் ஒரே அறையில் தங்கியிருந்த தமிழ்நாட்டுப் பையன்கள் வெள்ளிக்கிழமை தோறும் கூடி உட்கார்ந்து கேட்டவை. தர்காவுக்குப் போகக் கூடாது, தாயத்துக் கட்டக் கூடாது, கைக்கூலி வாங்குவது ஹராம், பெண்களுக்குப் பள்ளிவாசலில் இடம் உண்டு என்று அந்தக் குரல்கள் சொல்லின. ஊர்ப் பெரியவர்களுக்கு அது கலகமாகப்பட்டது. அயோத்தியில் பள்ளியை இடித்த பிறகு, பெரியவர்களின் கட்சி தேர்தலுக்குத் தேர்தல் கைகோத்து நிற்பதைத் தவிர வேறு என்ன செய்தது என்று கேட்கத் தொடங்கியிருந்த இளைஞர்களுக்கோ அது புதுக் காற்று.

அண்ணன் திரும்பிப் போய்விட்டான். கேஸட்டுகளைக் கேட்டது மச்சிதான். சமையலறை ஜன்னலில் டேப்பை வைத்துவிட்டு மீன் ஆய்வார், அரிசி புடைப்பார். சில இடங்களில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்பார்.

அடுத்த விடுமுறையில் அண்ணன் ஒரு நாள் அம்மாவின் கையிலிருந்த தாயத்தைக் காட்டி, "மார்க்கத்துல இல்லாததை ஒண்ணும் செய்யக் கூடாது" என்றான்.

மச்சி சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்தார். "கைக்கூலி மார்க்கத்துல இருக்கா?"

"இல்ல. ஹராம்."

"அப்ப?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அம்மாதான் குறுக்கே வந்து, "சாப்புடுற நேரத்துல என்ன பேச்சு" என்றார். அண்ணன் கெட்டவன் இல்லை. மறுநாள் மாமனார் வீட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நிலம் போனது போனதுதான். அதில் அப்போது ஒரு சேட்டுக்கடைக்காரர் மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்.

மச்சியை ஒரு பக்கமாக வைத்துப் பார்க்க முடியாது. அண்ணன் கறுப்பு அபாயா அங்கி கொண்டுவந்தபோது அம்மா அதைத் தொடக்கூட இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அதுவரை வெள்ளைத் துப்பட்டியைத்தான் போர்த்திக்கொள்வார்கள், ஒரு கையால் முகத்தருகே பிடித்தபடியே நடக்க வேண்டும். மச்சி அபாயாவைப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். "ரெண்டு கையும் நமக்கே இருக்கு புள்ள" என்றார். அதைப் போட்டுக்கொண்டுதான் முதல் முறையாகத் தனியாகக் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினார். அதே மச்சிதான், அம்மாவை நாகூர் தர்கா கந்தூரிக்கு விடாதே என்று அண்ணன் ஃபோனில் கத்தியபோது, "பெத்தவ மனசை நோகடிக்கக் கூடாதுன்னு அதே கேஸட்டுல மறுபக்கம் இருக்கு. நீங்க கேக்கலையா?" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து நாகூருக்கு வண்டி ஏற்றியவர். அவர் போகவில்லை. அம்மாவைப் போக விட்டார்.

இந்தக் குணம் என்னையும் விடவில்லை. ஒரு மாலை பேச்சுவாக்கில், கைக்கூலி வாங்குகிறவனை நான் கட்ட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வயதில் யாரும் சொல்வதுதான். சில மாதம் கழித்துத் திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துபாயில். எனக்குப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் பலகாரத் தட்டை எடுக்கும் முன்பே நகைப் பேச்சைத் தொடங்கினார். எல்லாரும் இருக்கும்போதே மச்சி என்னைப் பார்த்து, "நீ அன்னிக்கு ஒண்ணு சொன்னியே புள்ள, அப்ப?" என்றார்.

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டு உள்ளே ஓடிவிட்டேன். வந்தவர்கள் எழுந்து போனார்கள். அம்மா மச்சியைத் திட்டாத திட்டு இல்லை. நான் ஒரு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சீர்காழியில் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ஒன்றும் கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். நன்றாகத்தான் வாழ்கிறேன். இருந்தாலும் அந்த வரவேற்பறையில் என் வாக்கை எனக்கே திருப்பிக் காட்டிய முகத்தை நினைத்தால் இன்றும் கொஞ்சம் பயம் வருகிறது.

என் கல்யாணத்துக்கு முன்பே ஊர் இரண்டாகியிருந்தது. பழைய பள்ளிவாசல் ஆற்றங்கரையில். கேஸட் கருத்துகளை ஏற்ற புதியவர்கள் முதலில் ஒரு கடைமாடியில் தகரக் கொட்டகை போட்டுத் தொழுதார்கள். வளைகுடாவில் இருந்த பையன்கள் வசூலித்து அனுப்ப, கடைத்தெருவில் தனிக் கட்டடம் எழுந்தது. அதன் மாடியைப் பெண்களுக்கு என்று விட்டார்கள். அண்ணன் ரியாத்திலிருந்து ஃபோன் செய்து, முதல் ஆளாக நீ போக வேண்டும் என்று மச்சியிடம் சொன்னான். போனார். என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கீழே நடக்கும் தொழுகை எங்களுக்குத் தெரியாது, சுவரில் மாட்டிய ஸ்பீக்கரில் குரல் மட்டும் வரும். மச்சி சரியாக அந்த ஸ்பீக்கருக்கு அடியில் உட்காருவார். வெள்ளிக்கிழமைக் குத்பா உரை முடிந்து வெளியே வரும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். வயலில் தண்ணீர் ஏறி நின்றதைப் பார்த்த சம்சாரியின் முகம் அது.

புதிய பள்ளியின் தலைவர் கடைத்தெருவில் டிராவல்ஸ் வைத்திருந்தார். படித்தவர், மரியாதை தெரிந்தவர். எல்லாப் பெண்களையும் "சகோதரி" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய தம்பி ஷார்ஜாவில் இருந்தான். தம்பி மனைவி ஹபீபா எங்கள் தெருப் பெண், கைக்குழந்தைக்காரி. ஒரு நாள் தம்பி டிராவல்ஸுக்கு ஃபோன் போட்டு, தலைவர் காதில் விழும்படி மனைவிக்கு மூன்று தலாக் சொல்லிவிட்டான். சேதி மாலைக்குள் ஹபீபா வீட்டுக்கு வந்தது. அவளுடைய அத்தா முதலில் ஓடியது பழைய பள்ளிக்கு. மூன்றும் சொல்லியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் அங்கே இமாமாக இருந்த ஹஜ்ரத். புதிய பள்ளியிலோ பேச்சையே காணோம்.

மச்சி ஹபீபாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் புதிய பள்ளிக்குப் போனார். குழந்தை என் இடுப்பில். வழக்கமாகப் பெண்கள் ஏறும் பக்கத்துப் படிக்கட்டுக்குப் போகாமல் முன் வாசலில் நின்றார். தலைவர் வெளியே வந்தார்.

"என்ன சகோதரி, மாடிக்குப் போங்க. வெயிலா இருக்கு."

"ஒரே மூச்சுல மூணு சொன்னாலும் ஒண்ணுதான்னு நோட்டீஸ் போட்டீங்க. நீங்கதான் கொண்டாந்து கொடுத்தீங்க."

"ஆமா. அதுல மாற்றம் இல்ல."

"அப்ப?"

தலைவர் சுற்றிலும் பார்த்தார். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தவர்கள் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். "தம்பிகிட்டப் பேசிட்டிருக்கேன் சகோதரி. குடும்ப விஷயம். பொறுமையா..."

"ரெண்டு பக்கமும் ஒரு ஆள் வெச்சுப் பேசணும்னு குர்ஆன்ல இருக்குன்னு போன மாசம் குத்பாவுல சொன்னாங்க. மாடியில கேட்டேன். அவன் பக்கத்துக்கு நீங்க இருங்க. இவ பக்கத்து ஆள் நான்."

"அது ஆம்பளைங்க செய்யற வேலைங்க."

"ஆம்பளைன்னு அதுல இருக்கா?"

அவர் உண்மையிலேயே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். "பாத்துச் சொல்றேன்" என்றார்.

"பாருங்க. நாங்க இங்கேயே இருக்கோம்" என்று சொல்லிவிட்டு மச்சி வாசல் படியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஹபீபா பக்கத்தில் சுருண்டுகொண்டாள். ஆண்கள் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் பெரியத்தா மகன் ஒருவன், "வீட்டு மானத்தை வாசல்ல போடாத, எந்திரி" என்று என்னிடம் பல்லைக் கடித்தான். குழந்தை அழுதது. மச்சி அதை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே குத்பா முழுவதையும் வாசலிலிருந்தே கேட்டார்.

தொழுகை முடிந்ததும் கீழ் அறையில் விசாரணை வைத்தார்கள். கம்பியில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு எங்களை அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். மேஜைமேல் ஸ்பீக்கர் ஃபோன். ஷார்ஜாவிலிருந்து வந்த குரல் கரகரத்தது.

"இவ என்ன தப்புச் செஞ்சா தம்பி?" என்று மச்சி போர்வைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"யாரு பேசுறது?"

"இவ பக்கத்து ஆள்."

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு இஷ்டமில்ல. அவ்வளவுதான்" என்றான்.

மூன்று சொன்னதை ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும், இத்தா என்கிற மூன்று மாதக் காத்திருப்பு முடியும் வரை யோசிக்கலாம், நீ வந்து சேர்ந்து வாழ வேண்டும் என்று தலைவரே தம்பிக்குச் சொன்னார். மச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது ஹபீபா பேசினாள். அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எனக்கும் வேணாங்க."

மச்சி திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்ற நீ?"

"அவரு தலாக் சொல்லித் தள்ளிவிட்டாருன்னு இருக்க வேணாம். நான் கேட்டு வாங்கிக்கிட்டேன்னு எழுதச் சொல்லுங்க மச்சி. பொம்பளைக்கும் விடுதலை கேக்குற உரிமை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்படிக் கேட்டா மஹரைத் திருப்பிக் கொடுத்துடணும்மா" என்றார் தலைவர். ஹபீபா கழுத்திலிருந்து மெல்லிய சங்கிலி ஒன்றைக் கழற்றினாள். அதுதான் கல்யாணத்தில் மாப்பிள்ளை அவளுக்குக் கொடுத்த மஹர். அதைப் போர்வைக்கு அடியில் தரையோடு தள்ளினாள். அந்தப் பக்கம் அதை உடனே யாரும் எடுக்கவில்லை.

குழந்தை தாயிடம் இருப்பது என்றும், வீட்டிலிருந்து கொண்டுபோன நகையும் சாமானும் திரும்ப வருவது என்றும் முடிவாயிற்று. தலைவர் சொன்னபடியே செய்தார். அதை நான் மறைக்கக் கூடாது.

திரும்பும்போது மச்சி ஆற்றுப் பாலத்தில் நின்றுவிட்டார். தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நான் அவளைச் சேத்து வெக்கலாம்னு போனேன் புள்ள. அவ என்ன நெனைக்கிறான்னு ஒரு வார்த்த கேக்கல பாரு" என்றார்.

அந்தச் செய்தி ரியாத்துக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. இங்கே பழைய பள்ளிக்காரர்கள், புதுப் பள்ளியில் பொம்பளை பஞ்சாயத்து நடக்கிறது என்று டீக்கடையில் சிரித்தார்கள். அங்கே அறையில் கூடிய பையன்கள் அண்ணனிடம், உன் மனைவியால் இயக்கத்துக்கே கெட்ட பெயர் என்றார்கள். அண்ணன் ஃபோன் செய்தான். மச்சி ரிசீவரைக் காதுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்ததால் அவன் கத்தியது எனக்கும் கேட்டது. தலைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் நானும் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருக்கும் என்றான்.

மச்சி அமைதியாகவே பேசினார். "சொல்லுங்க. ஆனா எத்தன தடவ சொன்னாலும் ஒண்ணுதான். நீங்க அனுப்புனதுலதான் கேட்டேன்."

அண்ணன் ஃபோனை வைத்துவிட்டான். முடிவு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு வெகுகாலம் ஃபோன் வந்தால் அம்மாவைக் கொடு என்பான். மச்சி எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

தலைவர் ஒரு நாள் வாசல்வரை வந்து பணிவாகச் சொன்னார்: "சகோதரி, கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே தொழுதுக்குங்க. குழப்பம் வேணாம்." மச்சி அதைக் கேட்டுக்கொண்டார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் அதிர்ச்சி. அந்தக் கொஞ்ச நாள் வருஷங்களாயிற்று. பழைய பள்ளியில் பெண்களுக்கு எப்போதுமே இடம் இருந்ததில்லை. ஒரு தேர்தலின்போது இரண்டு பள்ளிக்காரர்களும் ஒரே வேனில் ஒன்றாக வந்தார்கள். சமுதாயத்துக்கு ஆபத்து, சமுதாயம் ஒன்றாக நிற்க வேண்டும் என்றார்கள். மச்சி கதவோரம் நின்று, "சமுதாயம்னா அதுல நானும் உண்டா?" என்று கேட்டார். உண்டு உண்டு என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறினார்கள்.

அண்ணன் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது தாடி நரைத்திருந்தது. அந்த நாட்டில் வேலைகளை இனிச் சொந்த நாட்டுக்காரர்களுக்கே கொடுப்பது என்று சட்டம் வந்து, இவனை அனுப்பிவிட்டார்கள். வாழ்நாளில் பாதியை அங்கே கழித்தவனை விமானநிலையம்வரை வந்து வழியனுப்பக்கூட யாரும் இல்லையாம். வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளை உடுத்தி, அத்தர் தடவிக்கொண்டு புறப்பட்டான். மச்சி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நீ வரல?"

"என்னை வேணாம்னுட்டாங்கள்ல."

அவனுக்கு அது தெரியும். ஆனால் தூரத்தில் இருந்து தெரிந்துகொள்வது வேறு. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், தலைவரிடம் கேட்டிருக்கிறான். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வரட்டும் என்றாராம். என்ன தப்புக்கு மன்னிப்பு என்று கேட்டானாம். இதையெல்லாம் அவன் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். கும்பகோணத்தில் பெண்களுக்கும் இடம் உள்ள பள்ளி ஒன்று இருந்தது. "ஏறு" என்றான். மச்சி உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்து ஏறினார். கடைத்தெருப் பள்ளியைத் தாண்டி, ஆற்றங்கரைப் பள்ளியைத் தாண்டி, நடவு வயல்களின் ஓரமாக அவர்கள் போனதை ஊரே பார்த்தது. வாரா வாரம் போனார்கள். மழையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போனார்கள். பேசாமல் கழித்த வருஷங்களைப் பற்றி அவர்கள் என்றாவது பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஸ்கூட்டரில் மச்சி பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே போவதையும், அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு மச்சிக்கு மார்பில் கட்டி வந்தது. தஞ்சாவூருக்கு அலைந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் அவர் கை மெலிந்துகொண்டே வந்தது. ஒரு கார்த்திகை மழையில் போய்ச் சேர்ந்தார். நான் சீர்காழியிலிருந்து வந்து சேர்வதற்குள் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றியிருந்தார்கள். குளிப்பாட்டியவர்களில் ஹபீபாவும் ஒருத்தி. அவளுடைய மகன் என்னைவிட உயரமாக வாசலில் நின்றான்.

இரண்டு பள்ளி ஆட்களும் வந்தார்கள். தலைவர் தோள் கொடுத்தார். ஜனாஸாத் தொழுகைக்காக அவரைப் பழைய பள்ளியின் வளாகத்துக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டோம். மச்சி மட்டும் உள்ளே போனார்.

அண்ணன் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்குத்தான் போகிறான். கண் பார்வை மங்கிவிட்டது, லாரி போகிற ரோடு. போன மாதம் நான் அங்கே இருந்தபோது தலைவர் வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. "இன்னும் என்னத்துக்கு இவ்வளவு தூரம்? நம்ம பள்ளி இருக்கே, நாலு எட்டு. முன்வரிசையில எடம் வெக்கச் சொல்றேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அண்ணன் சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பின்சீட்டையும் சேர்த்துத் துடைத்தான்.

"அவ நுழையக் கூடாதுன்ன எடத்துல நான் மட்டும் போயி கையேந்தி என்ன கேக்குறது?" என்றான்.

அண்ணன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்குவதற்குத் தலைவர் வழிவிட்டு ஒதுங்கினார்.